கால்மாட்டில் உறங்கும் பூனையும், தலைப்பிரசவத்துக்கு வரும் மகளும்

கேள்வி: எனக்கு வயது 57. கணவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது. திருச்சிக்குப் பக்கத்தில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். அவர் இறந்த வருடத்து ஐப்பசி மழையில் ஒரு செவலைக் குட்டி எங்கள் திண்ணையில் வந்து ஒண்டியது. இப்போது பெரிய கடுவனாகிவிட்டது. ராத்திரி என் கட்டிலில், கால்மாட்டில்தான் படுக்கும். நடுவில் ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டு விடியற்காலை 4 மணிக்கு வந்து சோறு கேட்டுக் கத்தும். அதற்குத் தடுப்பூசி எதுவும் போட்டதில்லை. எனக்குச் சர்க்கரை இருக்கிறது. மகளுக்கு இது ஐந்தாம் மாதம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு இங்கே வருகிறாள். பூனை இருக்கும் வீட்டில் கரு தங்காது, பூனை முடி உள்ளே போனால் இழுப்பு வரும் என்கிறார் நாத்தனார். சாக்கில் கட்டி மார்க்கெட்டில் விட்டுவிடுங்கள் என்கிறார் சம்பந்தியம்மா. இரண்டு வாரம் முன்பு விளையாட்டில் என் கையைக் கீறிவிட்டது. ரத்தம் வந்தது, மஞ்சள் வைத்தேன், ஆறிவிட்டது. பூனையோடு ஒரே படுக்கையில் படுப்பது தப்பா டாக்டர்? அதை விட்டுவிடத்தான் வேண்டுமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

பூனையை விட வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் வீட்டில் யாராவது சாக்கைத் தேடப் போகலாம். மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்ட வீட்டுப் பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே அங்கே இருக்கும் கடுவன்களிடம் கடிபட்டு, முகம் வீங்கிச் சீழ் வைத்து, யாராவது இரக்கப்பட்டுத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இரண்டு வருடமாக உங்கள் கால்மாட்டில் உறங்கிய பிராணிக்கு அந்த முடிவு வரக்கூடாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தடுப்பூசி போடாத, ராத்திரி வெளியே போய்வருகிற கடுவன் ரத்தம் வரக் கீறியிருக்கிறது, நீங்கள் மஞ்சள் வைத்திருக்கிறீர்கள். படுக்கையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைப் பேசியாக வேண்டும்.

ரேபிஸ் என்றாலே நம் ஊரில் நாய்தான் நினைவுக்கு வருகிறது. வெறிநாய்க்கடி என்று பெயர் வைத்ததாலேயே பூனையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வெறிபிடித்த நாய் கடித்த பூனைக்கும் அந்த நோய் வரும். பூனை ஓயாமல் பாதங்களை நக்கிக்கொண்டே இருக்கும், அதனால் எச்சில் நகத்திலும் இருக்கலாம். நோய்க்குறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. ஆனால் கடிபட்ட உடனே முறைப்படி ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். அதனால் இனி எந்தக் கீறலாக இருந்தாலும் சரி, ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். கழுவிய கையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள், அங்கே ஊசி இலவசம். தோல் லேசாகக் கீறினால் தடுப்பூசி மட்டும். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் போட வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் ஊசி. இடையில் நிறுத்துவதா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

உங்களுக்கு நடந்த விஷயத்தில் ஒரு ஆறுதல் இருக்கிறது. நாயோ பூனையோ கடித்த நாளிலிருந்து 10 நாள் வரை நோயில்லாமல் நல்லபடியாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இல்லை என்று பொருள். உங்கள் செவலை இரண்டு வாரம் கழித்தும் 4 மணிக்குச் சோறு கேட்டுக் கத்துகிறது. அந்தக் கத்தலே உங்களுக்குப் பதில். இருந்தாலும் ஒரு முறை டாக்டரிடம் கையைக் காட்டி, இந்த விவரத்தைச் சொல்லி, டிடி ஊசி தேவையா என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.

அப்போதே இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கீறிய கைப்பக்கம் அக்குளிலோ முழங்கையின் உள்பக்கமோ நெறி கட்டியிருக்கிறதா? சாயங்காலம் லேசாக உடம்பு சுடுகிறதா? பூனைக் கீறல் நோய் என்று ஒன்று இருக்கிறது. பார்ட்டொனெல்லா என்ற கிருமியால் வருவது. பூனைக்குப் பூனை இதைக் கொண்டுபோவது தெள்ளுப்பூச்சி. அதன் கழிவு பூனையின் முடியிலும் நக இடுக்கிலும் ஒட்டியிருக்கும், கீறும்போது நம் தோலுக்குள் போய்விடும். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் அசட்டையாக இருக்கக்கூடாது.

சரி, இப்போது படுக்கைக்கு வருவோம்.

பூனையோடு படுப்பதால் நோய் வரும் என்று பொதுவாகச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பூனை ராத்திரி எங்கே போகிறது, என்ன தின்கிறது, எந்தப் பூச்சியை உடம்பில் ஏற்றிக்கொண்டு வருகிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. கட்டிலுக்கு அது வெறுமே வந்து சேர்கிறது, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் மாற்ற வேண்டியது அந்த ஜன்னலை. கொசுவலை அடித்தோ கம்பிவலை போட்டோ ராத்திரி 7 மணிக்கு மேல் அது வெளியே போகாமல் செய்துவிட்டால், நாய்க்கடி, கடுவன் சண்டை, எலி வேட்டை, தெள்ளுப்பூச்சி என்று பாதிப் பிரச்சினை அங்கேயே நின்றுவிடும். முதல் பத்து நாள் கத்தித் தீர்க்கும். கருத்தடை செய்துவிட்டால் வெளியே போகும் வெறி நன்றாகக் குறையும். கடுவனுக்கு அது சின்ன அறுவைதான்.

இந்த வாரமே அதைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கூடை இல்லையென்றால் பழைய தலையணை உறைக்குள் விட்டு வாயைக் கட்டித் தூக்கிப் போகலாம், மூச்சு முட்டாது, இருட்டில் பூனை அமைதியாகவும் இருக்கும். ரேபிஸ் தடுப்பூசி, குடற்புழு மாத்திரை, தெள்ளுப்பூச்சிக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்து, இந்த மூன்றும் முதல் வேலை. தடுப்பூசி முழுதாக வேலை செய்ய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். மகள் வர இரண்டு மாதம் இருப்பதால் நேரம் சரியாக இருக்கிறது. புழு மருந்தை அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுத்துக்கொண்டு வாருங்கள்.

தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பேன் சீப்பால் அதன் முதுகை, முக்கியமாக வால் தொடங்கும் இடத்தை, சீவுங்கள். சீப்பில் வரும் கறுப்புப் பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். பொடி கரைந்து செம்பழுப்பாகப் பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது பூனையின் ரத்தம்தான். ஆசனவாய்ப் பக்கம் அரிசி மாதிரி எதுவும் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. பூனை தன்னை நக்கும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. மருந்துக்கடையில் நாய்க்கென்று விற்கும் சொட்டு மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாயை ஒன்றும் செய்யாத அந்த மருந்து பூனையை வலிப்பு வரவைத்துக் கொன்றுவிடும். சொட்டு மருந்தை மிச்சப்படுத்தலாம் என்று படுக்கையைச் சுற்றி அந்துருண்டை போட்டு வைப்பவர்களும் உண்டு, அதுவும் பூனைக்கு விஷம். அப்புறம், அதற்கு உடம்பு சுடுகிறது என்று பாராசிட்டமால் உடைத்துக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு மாத்திரை போதும் ஒரு பூனையின் உயிரைப் போக்க. அன்போடு கொடுத்துவிட்டு, செத்துப்போன பூனையை மடியில் வைத்துக்கொண்டு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வாய் வராது.

படுக்கையில் உங்களுக்கென்று நான் கவலைப்படுவது ஒரே ஒரு இடம், அது உங்கள் கால். போர்வைக்கடியில் கால்விரல் அசைந்தால் பூனைக்கு அது எலி. பாய்ந்து பிடிக்கும். சர்க்கரை நாளானவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், பல் பட்டாலும் தெரியாமல் தூங்கிவிடுவார்கள். பூனைப் பல் ஊசி மாதிரி. வெளியே புள்ளியாகத் தெரிவது உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். பாஸ்டுரெல்லா என்ற கிருமி பெரும்பாலான பூனைகளின் வாயில் இயல்பாகவே இருக்கிறது, அது ஒரே நாளில் சிவந்து வீங்க வைத்துவிடும். எனவே கால்மாட்டிலிருந்து அதை மேலே, இடுப்புப் பக்கம் நகர்த்துங்கள். அங்கே ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டால் அதுவே அதன் இடம் என்று பிடித்துக்கொள்ளும். மெல்லிய பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு படுங்கள். காலையில் எழுந்ததும் வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும், விரல் இடுக்கு உள்பட, பாருங்கள். இது பூனை இல்லாதவர்களும் சர்க்கரை இருந்தால் செய்ய வேண்டியதுதான். கடி என்று தெரிந்தால் அன்றைக்கே டாக்டர், மறுநாள் இல்லை. இருட்டில் பாத்ரூமுக்குப் போகும்போது காலில் இடறாமல் இருக்க ஒரு சின்ன ராத்திரி விளக்கும் போட்டு வையுங்கள்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் அந்த 4 மணிக் கத்தலை எழுதியிருக்கிறீர்கள். பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கும். ஆனால் அதன் உடம்பு சுறுசுறுப்பாவது அந்தி சாயும்போதும் விடியும்போதும். நம் தூக்கம் அதன் கடிகாரத்தோடு ஒட்டாது. அமெரிக்காவில் மேயோ கிளினிக் என்ற மருத்துவமனையின் தூக்க மையத்துக்கு வந்த 150 பேரிடம் கேட்டு 2015இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதில் செல்லப்பிராணி வளர்த்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதைப் படுக்கையறையில் விட்டிருந்தார்கள். தூக்கம் கெடுகிறது என்று சொன்னவர்கள் 20 சதவீதம், தொந்தரவு இல்லை அல்லது நல்லதாகவே இருக்கிறது என்று சொன்னவர்கள் 41 சதவீதம். அந்த 41 சதவீதத்தில் தனியாக இருப்பவர்கள் சொன்ன காரணங்கள் எனக்கு நன்றாகப் புரிகிறது. பக்கத்தில் ஒரு உயிர் மூச்சு விடுகிறது, சூடாக இருக்கிறது என்பதே ஒரு தைரியம். பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி, நம்மைவிட ஒன்றிரண்டு டிகிரி அதிகம். மார்கழியில் அது யாருக்கும் பிடிக்கும். இரண்டு வருடமாக அந்தக் கட்டிலில் உங்களுக்குத் துணையாக இருந்தது அது. இதை நோய்ப் பட்டியலுக்கு எதிரே வைத்து எடைபோடும்போது குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை. பூனைக்கும் இதில் நன்மை இருக்கிறது. அது சாப்பிடவில்லை, ஒன்றுக்குப் போக முடியாமல் முக்குகிறது என்பதெல்லாம் கூடப் படுப்பவருக்குத்தான் முதலில் தெரியும். கடுவனுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். ராத்திரியிலேயே கண்டுபிடித்துத் தூக்கிவந்ததால் பிழைத்த பூனைகள் உண்டு.

4 மணிக்குச் சோறு வைக்காதீர்கள். வைத்தால் நாளைக்கு மூன்றரைக்கு எழுப்பும். நீங்கள் படுப்பதற்கு முன் கயிற்றையோ பந்தையோ வைத்து ஒரு பத்து நிமிடம் ஓட விட்டு, அதன் பிறகு வயிறு நிறையச் சாப்பாடு கொடுங்கள். வேட்டை, சாப்பாடு, தூக்கம் என்பதுதான் அதன் இயல்பான வரிசை. காலையில் நீங்கள் எழுந்து அரை மணி நேரம் கழித்துச் சோறு வையுங்கள்.

இனி உங்கள் மகள்.

நாத்தனார் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதன் பெயர் டாக்ஸோபிளாஸ்மா. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. கர்ப்பமாக இருக்கும்போது முதல் முறையாக இது தொற்றினால் கருவுக்குப் போகலாம், கரு கலையவும் குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படவும் வாய்ப்பு உண்டு. இந்தக் கிருமியின் முட்டை பூனை இனத்தின் மலத்தில் மட்டுமே வெளியே வரும் என்பதும் உண்மை. ஆனால் எலியையோ பச்சை இறைச்சியையோ தின்று முதல் முறை தொற்றும்போதுதான் ஒரு பூனை அதை வெளியேற்றும், அதுவும் ஓரிரண்டு வாரம்தான். வந்த முட்டை அப்போதே தொற்றாது. முற்ற ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் ஆகும். பூனையைத் தடவுவதாலோ அது பக்கத்தில் படுப்பதாலோ இது வருவது மிகவும் அரிது, ஏனென்றால் பூனை தன் உடம்பில் மலம் காய்ந்து ஐந்து நாள் ஒட்டியிருக்க விடாது. மூச்சுக்காற்றில் வரவே வராது.

அப்படியானால் எங்கே வரும்? சரியாக வேகாத இறைச்சியில் வரும், கழுவாத கீரையில் வரும், மண்ணில் வரும். உங்கள் செவலை வெளியே போகிற பூனை, அது மணல் தட்டில் போவதில்லை. கொல்லையில், மெத்தென்று கொத்திவிட்ட கீரைப்பாத்தியில்தான் போயிருக்கும். மகள் வந்ததும் ஆசையாகப் பாத்தியில் உட்கார்ந்து கீரை பறிப்பாளே, அந்த மண் எனக்குக் கட்டிலைவிடப் பெரிய கவலை. பிரசவம் வரை அவள் தோட்ட மண்ணில் கை வைக்க வேண்டாம். கீரையை மூன்று நான்கு தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். ஆட்டுக்கறிக் குழம்பு நன்றாகக் கொதித்தால் கிருமி செத்துவிடும். ஆனால் சுக்கா பாதி வேகும்போதே உப்பு பார்க்கக் கொடுக்காதீர்கள், பச்சைக் கறி வெட்டிய பலகையில் வெள்ளரி நறுக்காதீர்கள். பூனை இனி ராத்திரி வீட்டுக்குள்ளேயே இருக்கப்போவதால் அதற்கு ஒரு தட்டில் மணல் வையுங்கள், தினமும் ஒரு தடவை நீங்கள் அள்ளிப் போட்டுவிடுங்கள், மகள் தொட வேண்டாம். தினமும் அள்ளினால் முட்டை முற்றுவதற்குள் அது வீட்டைவிட்டுப் போய்விடும். பூனைக்குப் பச்சைக் கறி, குடல் எதுவும் வேண்டாம், வேகவைத்தே கொடுங்கள். மகளின் மகப்பேறு மருத்துவரிடம் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லி ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேட்கச் சொல்லுங்கள். முன்பே இந்தத் தொற்று வந்து போயிருந்தால் குழந்தைக்குப் பெரும்பாலும் பயம் இல்லை.

இழுப்பு முடியால் வருவதில்லை. பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் ஒரு புரதம்தான் ஒவ்வாமைக்குக் காரணம், அது முடி, தூசி, மெத்தை எங்கும் ஒட்டி மாதக்கணக்கில் நிற்கும். மகளுக்கோ மாப்பிள்ளைக்கோ ஆஸ்துமா இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், அப்போது என் பதில் மாறும். இல்லையென்றால் விரிப்பை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டால் போதும். பூனையின் காது, மூக்குப் பக்கம் வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரையாக இருக்கலாம், அது நமக்கும் தொற்றும், ஆறும் வரை கட்டிலில் ஏற்ற வேண்டாம்.

குழந்தை விஷயத்தில் மட்டும் எனக்குச் சமரசம் இல்லை. பச்சிளம் குழந்தையும் பூனையும் ஒரே படுக்கையில், ஒரே அறையில் கூட, ஒரு நிமிடமும் தூங்கக்கூடாது. பூனைக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. சூடு தேடிப் போய்க் குழந்தையின் முகத்தோடு ஒட்டிப் படுக்கும், தலையைத் திருப்பத் தெரியாத குழந்தைக்கு மூச்சு முட்டும். தூளி அதற்கு இன்னும் பிடித்த இடம். குடை மாதிரி விரியும் குழந்தைக் கொசுவலையை நம்பாதீர்கள், நாலு கிலோ பூனை அதன் மேல் ஏறிப் படுத்தால் வலை அப்படியே குழந்தையின் மேல் அமுங்கும். மூடிய கதவு ஒன்றுதான் காவல்.

இதில் நீங்கள் யோசிக்காத ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். குழந்தை பிறந்ததும் மகளுக்குத் துணையாக நீங்கள்தான் அந்த அறையில் படுக்கப் போகிறீர்கள். அதாவது செவலை தன் படுக்கைத் துணையை ஒரே ராத்திரியில் இழக்கப் போகிறது. அன்றைக்கு அது கதவைப் பிறாண்டும், கத்தும், தூங்காத மகள் அழுவாள், சம்பந்தியம்மா சொன்ன சாக்கு மறுபடி பேச்சுக்கு வரும். அதனால் பழக்கத்தை இன்றைக்கே ஆரம்பியுங்கள். மகளுக்கென்று ஒதுக்கும் அறையின் கதவை இப்போதிருந்தே எப்போதும் மூடி வையுங்கள். வாரத்தில் இரண்டு ராத்திரி நீங்கள் அந்த அறைக்குள் போய்த் தாழ் போட்டுப் படுங்கள், அடுத்த மாதம் அதை நான்காக்குங்கள். உங்கள் கட்டிலில், அதன் இடத்தில், நீங்கள் உடுத்திக் களைந்த பழைய சேலை ஒன்றைத் துவைக்காமல் மடித்துப் போட்டு வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கூப்பிடும். எழுந்துபோய்த் திறந்துவிடாதீர்கள் அம்மா, கஷ்டமாகத்தான் இருக்கும். நான்காம் நாள் காலையில் போய்ப் பாருங்கள், அநேகமாக அந்தச் சேலையில் சுருண்டு கிடக்கும்.